நான் மாட்ட மறுத்த சக்கரம்

பணிநிறைவு விழாவில் எனக்குக் கொடுத்த கேடயத்தில் ஐந்து வரிகள் இருந்தன. பெயர், பதவி, சேர்ந்த தேதி, ஓய்வு பெறும் தேதி ஆகிய நான்கும் சரி. ஐந்தாவது வரி தவறு. 'மேலதிகாரிகளின் சொல்லைத் தட்டாது பணியாற்றியவர்' என்று பொறித்திருந்தார்கள்.

கேடயத்தை மேடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். உதவிப் பொறியாளர் சின்ன வயதுக்காரர், நல்ல மனிதர். பதறிப்போய், "அது எல்லாருக்கும் போடுற வரிதான் மேடம்" என்று காதோடு சொன்னார்.

"எல்லாருக்கும் போட்டுக்கங்க சார். எனக்குப் போடாதீங்க" என்றேன்.

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. கூட்டம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் ஒரே ஒருவர் சத்தமாகச் சிரித்தார். அவர் கருப்பசாமி. எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர். ஏன் சிரித்தார் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும்.

பிரியாணி சாப்பிட்டு முடித்த பிறகு, இப்போது பட்டறையில் வேலை செய்பவர்கள் என்னைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பட்டறைச் சுவரில் அண்மையில் ஒரு திரை வைத்திருக்கிறார்கள். உள்ளே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் கெடு அதில் ஓடும். கெடு தாண்டினால் வண்டி நம்பர் சிவப்பாகும். சிவப்பு நம்பரைத் தலைமையிடத்திலும் பார்க்கிறார்கள். "சிவப்பாயிருச்சுன்னா வேல முடியலைன்னாலும் மாட்டி வெளிய விட்டுரச் சொல்றாங்கக்கா. நீங்க இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகவும், ஐந்தாவது வரிக்குத் திருத்தமாகவும் இதை எழுதுகிறேன்.

எந்தத் துறை என்று எழுதவில்லை. திண்டுக்கல்லில் பழனி ரோட்டுப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை, அவ்வளவு போதும். துறையின் ஜீப்புகள், பிக்-அப் வண்டிகள், ஒன்றிரண்டு டிராக்டர்கள் அங்கே பழுது பார்க்க வரும். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்ப நினைத்தார். நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்கு மனுப் போட்டேன். இரண்டு வருடம் படித்தேன், ஒரு வருடம் தனியார் ஷெட்டில் டீசல் குடித்தேன், பிறகு இந்தப் பட்டறையில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். பெண் மெக்கானிக்காக இருந்த அனுபவம் பற்றி எழுதச் சொல்லி ஏற்கெனவே சிலர் கேட்டிருக்கிறார்கள். நான் பார்த்தது மெக்கானிக் வேலை. அதைப் பற்றித்தான் எழுத முடியும்.

பட்டறையில் எழுதி ஒட்டாத விதி ஒன்று இருந்தது. கழற்றிய கைதான் மாட்ட வேண்டும். ஒரு சக்கரத்தை யார் இறக்கினாரோ அவரே ஏற்றுவார். சாப்பாட்டு நேரம் வந்தாலும், வீட்டிலிருந்து ஆள் வந்தாலும், வேறு யாரும் அந்த இடத்தில் கை வைக்க மாட்டார்கள். விதிக்கு இரண்டாம் பகுதியும் உண்டு. பிரேக் சம்பந்தப்பட்ட வேலை என்றால், மாட்டியவர் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முதல் இறக்கத்தில் கூடவே இறங்க வேண்டும். கொடைக்கானல் மலை, சிறுமலை என்று இறக்கங்களுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. தன் உடம்பையும் சேர்த்து வண்டியில் ஏற்றப்போகிறோம் என்று தெரிந்த மெக்கானிக் நட்டை அரைகுறையாக முறுக்க மாட்டார். விதியின் நோக்கம் அதுதான்.

இந்த விதியைக் கொண்டுவந்தவர் ஃபோர்மேன் நாச்சிமுத்து. ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே ஒரு ஊர்க்காரர். மெக்கானிக்காகச் சேர்ந்து ஃபோர்மேன் ஆனவர். இன்ஜின் சத்தத்தைக் கேட்டு எந்த வால்வு என்று சொல்வார், சொன்னது சரியாக இருக்கும். யாரையும் ஒருமையில் பேச மாட்டார். பட்டறை கூட்டுகிறவருக்கும் 'வாங்க, போங்க'தான். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், வண்டியைப் பார்த்துக்கொண்டே பேசுவார். வேட்டித் துணியில் கிழித்த ஒரு துண்டு எப்போதும் இடது தோளில் கிடக்கும். கோபம் வந்தால் அதை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். விரலில் அழுக்கு இருக்காது. கோபம் கூடக் கூட மரியாதையும் கூடும். "ஏனுங்க" என்று அவர் இழுத்தால் பட்டறையில் ஸ்பேனர் சத்தம் நின்றுவிடும்.

கருப்பசாமி அங்கே மூத்த மெக்கானிக். நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் அப்பாவின் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எனக்கு 'டீச்சரம்மா' என்று பெயர் வைத்தார். "டீச்சரம்மா, ஜாக்கிக்கு அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா?" என்பது அவருடைய காலை வணக்கம். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்பது அவர் கருத்து. அதை என் முதுகுக்குப் பின்னால் சொல்ல மாட்டார், நேராகவே சொல்வார்.

கன்னிவாடிக்கு ஒதுக்கியிருந்த ஜீப்பைப் பட்டறையில் 'கன்னிவாடி ஜீப்' என்போம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி எங்களிடம் அது ஒன்றுதான். அடிவாரத்து ஓடையைத் தாண்டி, கல்லும் கட்டாந்தரையுமான பாதையில் மலை மேலே இருந்த ஒரு சிற்றூருக்குப் போக வேறு வண்டி கிடையாது. டிரைவர் ராஜாங்கம். ரெட்டியார்சத்திரத்துக்காரர், சொந்தமாகக் கொஞ்சம் கத்தரித் தோட்டம் வைத்திருந்தார். பட்டறைக்கு வரும்போதெல்லாம் ஒரு பை கத்தரிக்காய் கொண்டுவருவார். சீட் உறையைத் தானே துவைத்துப் போடுகிற ஆள். அந்த ஜீப்பை அவர் பார்த்துக்கொண்ட மாதிரி எந்த டிரைவரும் அரசாங்க வண்டியைப் பார்த்துக்கொண்டு நான் கண்டதில்லை.

அந்த ஜீப்பின் இடது பின்சக்கரத்தில் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. ஆக்ஸில் சீல் என்பது வேறொன்றுமில்லை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் வளையம். வெளிப்புறம் தகரம், உள்ளே ஒரு உதடு, உதட்டைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங். இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் பின்பாலத்துக்குள் இருக்கும் கியர் ஆயில், சுழலும் ஆக்ஸிலோடு சேர்ந்து சக்கரப் பக்கம் வந்துவிடாமல் தடுப்பது அந்த உதடுதான். அது விட்டால் ஆயில் நேராகப் பிரேக்குக்குத்தான் வரும்.

முதல் தடவை கருப்பசாமி சீல் மாற்றினார். இரண்டு வாரத்தில் மறுபடி ஒழுகியது. இரண்டாம் தடவை நான் மாற்றினேன். ஆக்ஸிலை உருவி, சீலின் உதடு உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். பள்ளம் விழுந்திருந்தால் நகம் தட்டும், தட்டவில்லை. புது சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் பக்கம் உள்ளே பார்க்க வைத்து, பழைய பேரிங்கின் வெளிவளையத்தை மேலே வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினேன். ஒரு பக்கமாகத் தட்டினால் கோணிக்கொள்ளும். கோணவில்லை. அதுவும் ஒழுகியது.

"லோக்கல் சீலு, வேற என்ன?" என்றார் கருப்பசாமி. பட்டறையில் எல்லாரும் அதையே சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை. இரண்டு பேர் இரண்டு தடவை ஒழுங்காகச் செய்த வேலை இரண்டு தடவையும் ஒழுகினால், கோளாறு சீலிலும் இல்லை, வேலையிலும் இல்லை.

மூன்றாம் தடவை ஜீப் வந்த காலையைத்தான் சொல்ல வருகிறேன். மதுரையிலிருந்து துறையின் பெரிய அதிகாரி ஒருவர் நண்பகலில் வருவதாக இருந்தது. மலைமேல் ஊரில் குறைகேட்பு முகாம். அவரை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய ஜீப் இது. ராஜாங்கம் காலையிலேயே மேலே போய்ப் பந்தல் சாமான்களை இறக்கிவிட்டு, அப்படியே பட்டறைக்குள் வந்து நின்றார்.

"சகாயம், பிரேக்க மிதிச்சா வண்டி வலப்பக்கமா ஓடுது. செத்த நேரம் பாத்துக் குடு. பன்னெண்டுக்கு அய்யாவ ஏத்தணும்" என்றார்.

சக்கரத்தை இறக்கினேன். பிரேக்கை மூடியிருக்கும் டிரம் வர மறுத்தது, சுற்றித் தட்டியதும் வந்தது. உள்ளே கன்னங்கரேலென்று பளபளத்தது. விரலில் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தேன். பிரேக் ஆயில் என்றால் தண்ணீர் போல ஓடும். இது பிசுபிசுத்தது, வெடி மருந்து நாற்றம் அடித்தது. கியர் ஆயில்தான். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ இரண்டும் அதை வயிறு முட்டக் குடித்திருந்தன.

வண்டிக்கு அடியில் போனேன். பின்பாலம் இன்னும் சூடாகவே இருந்தது, கையை வைக்க முடியவில்லை. ஆயில் அளவு கூடியிருந்தாலும் ஒழுகும் என்பதால் அளவு பார்க்கும் திருகை முதலில் தளர்த்தினேன். முழுதாகக் கழற்றுவதற்குள் 'புஸ்' என்று காற்று சீறி, ஆயில் என் நெற்றியில் தெறித்தது. விரலை விட்டுப் பார்த்தால் அளவு சரியாக இருந்தது. அப்போது புரிந்தது. பாலத்துக்குள் காற்று அடைபட்டு நிற்கிறது. மலையேறும்போது சூட்டில் அது விரிகிறது. போக வழியில்லாமல் சீலின் உதட்டை நெம்பிக்கொண்டு ஆயிலோடு வெளியே வருகிறது. எத்தனை சீல் போட்டாலும் இதுதான் நடக்கும்.

நான் வெளியே வந்தபோது நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க சகாயம், சக்கரம் எப்ப ஏறுதுங்க?" என்று டிரம்மைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னைக்கு ஏறாதுங்க சார்" என்றேன். காற்று சீறியதைச் சொன்னேன். பாலத்துக் காற்று வெளியேறும் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது, அதைத் திறந்து புது சீல் போட வேண்டும், ஷூ இரண்டுக்கும் லைனிங் கட்டை மாற்ற வேண்டும் என்றேன். லைனிங் எங்களிடம் இருப்பில் இல்லை. ஊருக்குள் கொடுத்து ரிவிட் அடித்து வாங்க வேண்டும். அவர்கள் கையில் ஏற்கெனவே வேலை இருக்கும்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து லைனிங்கை விரலால் தொட்டார், முகர்ந்தார். நான் சொன்னதில் அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அடுத்துச் சொன்னதை அவர் விவரம் இல்லாமல் சொல்லவில்லை.

"பெட்ரோல்ல கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு ஏத்திருங்க. நாளைக்கு முழுசாப் பாத்துக்கலாமுங்க."

"கழுவுனா மேலாப்புல காயும் சார். எறங்கையில சூடேறினா உள்ள குடிச்ச ஆயில் வெளிய வரும்."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுக்கிட்டு எப்படி சார் மாட்டச் சொல்றீங்க?"

அவர் தோள் துண்டை எடுத்தார். கட்டைவிரலில் ஆரம்பித்துத் துடைத்தார். மோதிர விரலுக்கு வந்தபோது சொன்னார். "பேரு அனுப்பற மாசமுங்க இது."

இரண்டு தினக்கூலிகள் இருந்தோம். ஒருவரை நிரந்தரமாக்க அந்த மாதம் பெயர் கேட்டிருந்தார்கள். யார் பெயர் என்பது நாச்சிமுத்துவின் வாயில் இருந்தது. என் கணவர் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பு அந்த வருடம் பாதி நாள் மூடிக் கிடந்தது. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில். இவையெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

நான் சக்கரத்தைத் தரையில் படுக்கப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன்.

யோசித்துச் செய்ததில்லை. ஆனால் உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கும் எண்ணமும் இல்லை.

"எந்திரிங்க" என்றார்.

"மாட்டேன் சார்."

அவர் திரும்பினார். "ஏனுங்க கருப்பசாமி. இந்தச் சக்கரத்த நீங்க ஏத்துங்க."

கருப்பசாமி பக்கத்து டிராக்டருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "யாரு கழட்டுனது?"

"கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"தெரியுது. டீச்சரம்மா கழட்டுனது. அது மேலயேதான் க்ளாஸ் எடுத்துக்கிட்டு உக்காந்திருக்கு. நான் தொடமாட்டேன் சார்."

"நான் சொல்றனுங்க."

"கழட்டுன கைதான் மாட்டணும்னு நீங்கதான சார் எங்களுக்குச் சொன்னீங்க? இன்னைக்கு நீங்களே மாத்துனா, நாளைக்கு நாங்க எதப் புடிச்சுக்கிறது?"

சொல்லிவிட்டு டிராக்டருக்கு அடியில் போய்விட்டார். அங்கிருந்தே குரல் வந்தது. "ஏ டீச்சரம்மா, உனக்காகப் பேசுனேன்னு நெனச்சுக்கிராத."

"நெனைக்கல" என்றேன்.

நாச்சிமுத்து வேறு யாரையும் கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். கையை மடித்துவிட்டார். டிரம்மைத் தூக்கி ஆக்ஸில் முன்னால் கொண்டுபோனார். வேலையில் அவர் கை வேகம் எல்லாருக்கும் தெரியும். பெட்ரோல் போட்டுக் கழுவி ஏற்ற அவருக்கு அரை மணி நேரம் போதும். என்னைத் தொட்டு எழுப்ப மாட்டார், ஆனால் ஸ்டெப்னியை எடுத்து மாட்டிவிடலாம். ஸ்டெப்னி வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்ததால் அவருக்கு ஒரு தடையும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரத்தில் ராஜாங்கம் வாயைத் திறந்தார். அதுவரை வேப்ப மரத்தடியில் நின்று கத்தரிக்காய்ப் பையைக் கை மாற்றிக்கொண்டிருந்தவர்.

"சார், நீங்க மாட்டுங்க. ஓட்டுறதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. எறங்கையில நீங்க முன்சீட்டுல எம் பக்கத்துல இருக்கணும், அம்புட்டுத்தேன். அய்யாவப் பின்னாடி உக்காரச் சொல்லிருவோம்."

அவர் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. விதி அப்படி. மாட்டியவர் கூட இறங்க வேண்டும். மதுரை அதிகாரியைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லி ஃபோர்மேன் முன்சீட்டில் ஏறுவது எந்தக் காலத்திலும் நடக்காது. ஏறாவிட்டால், தன் விதியைத் தானே பத்துப் பேர் முன்னால் உடைத்தவர் ஆவார்.

நாச்சிமுத்து டிரம்மைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

"அதிகாரி கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கங்க."

"சொல்லிக்கிறேன் சார்."

பிரேக் ஷூக்களை ஊருக்குள் கொடுத்தனுப்பிவிட்டு மறுபடி அடியில் போனேன். பாலத்தின் மேல்புறத்தில் மூச்சுக்குழாய் இருக்கும். மூடி போட்ட சிறிய குழல். வெளியிலிருந்து பார்த்தால் மூடி நன்றாகவே இருந்தது, யாரோ துடைத்துக்கூட வைத்திருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் துளை இல்லை. மஞ்சளாக ஏதோ கல்லைப்போல் இறுகியிருந்தது. சுரண்டி முகர்ந்தேன். துணி சோப்பு. அதோடு சணல் நார் கலந்திருந்தது.

ராஜாங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்தார்.

"நாந்தேன்" என்றார்.

மழை நாளில் ஓடையில் தண்ணீர் இடுப்பளவு வந்திருக்கிறது. கடந்து போன பிறகு ஆயிலைப் பார்த்தால் பால் காப்பி நிறத்தில் இருந்திருக்கிறது. தண்ணீர் புகுந்த வழி இந்தத் துளைதான் என்று சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். சோப்பையும் சணலையும் பிசைந்து அடைத்து, மேலே மூடியைப் போட்டு, துடைத்தும் வைத்திருக்கிறார். அக்கறையில்லாத டிரைவர் இந்தத் தவறைச் செய்திருக்கவே முடியாது.

"தண்ணி உள்ள போகக் கூடாதுன்னுதான் சகாயம்..."

"தண்ணி போகல அண்ணே. காத்தும் போகல. அதான்."

"கருப்பசாமிகிட்டச் சொல்லிராத. செத்தாலும் விடமாட்டான்."

டிராக்டருக்கு அடியிலிருந்து கருப்பசாமி கேட்டார். "என்ன சோப்பு மாமா, லைப்பாய் மாதிரி செவப்பா, இல்ல பார் சோப்புல வெட்டுன மஞ்சளா?"

துளையை அடைக்காமல் தண்ணீரையும் தடுக்க ஒரே வழிதான் இருந்தது. மூடியை எடுத்துவிட்டு, குழலில் ஒரு ரப்பர் டியூபைச் செருகி, சேஸிஸ் ஓரமாகவே மேலே கொண்டுபோய், சீட்டுக்குப் பின்னால் உயரத்தில் வளைத்துக் கட்டினேன். ஓடைத் தண்ணீர் அவ்வளவு உயரம் வந்தால் வண்டியே போக முடியாது.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, அதிகம் பேசாதவர். நாச்சிமுத்து என்னைக் கையால் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"எப்ப ரெடியாகும்?"

"நாளைக்குக் காலைல சார்."

"நான் இன்னைக்கு வந்திருக்கேன்."

"தெரியுது சார். பிரேக் கட்டையில ஆயில் ஊறியிருக்கு. மாத்தாம வண்டியக் குடுக்க மாட்டேன்."

"மேல ஏறுமா, ஏறாதா?"

"ஏறும் சார். எறங்கும்போதுதான் பிரேக் வேணும்."

அவர் என்னைப் பார்த்தார், ஜாக்கியில் நின்ற வண்டியைப் பார்த்தார். வேறு ஜீப்பில் ஏறிப் போனார். அந்த ஜீப் ஓடைக்கு அந்தப் பக்கம் ஏறவில்லை. இந்தக் கரையில் நின்று பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பிவிட்டார். முகாம் நடக்கவில்லை.

இதற்கும் விலை இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. பிறகொரு நாள் வேறு வேலையாக அந்த ஊருக்குப் போயிருந்தேன். ஒருவர் வந்து, "அய்யா வராமப் போனது உங்களாலதானாமே?" என்று கேட்டார்.

"ஆமா. என்னாலதான்."

"ரெண்டு அண்டா சோறு. கறியும் ஆக்கி வச்சிருந்தோம். மாடுகூடத் திங்கல."

"உங்க ஊரு எறக்கத்துல வண்டி உருண்டிருந்தா சோறு எறங்கியிருக்குமா?" என்றேன். அவர் அதை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. "இருந்தாலும் ரெண்டு அண்டா" என்று சொல்லிக்கொண்டே போனார். அவருக்கு அவர் நியாயம்.

மறுநாள் காலையில் புது லைனிங்கோடு நானே சக்கரத்தை ஏற்றினேன். விதிப்படி முன்சீட்டில் உட்கார்ந்தேன். ராஜாங்கம் சாவியைத் திருகும்போது பின்சீட்டில் யாரோ ஏறும் அசைவு தெரிந்தது. நாச்சிமுத்து. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சிறுமலைப் பாதையில் உச்சி வரை ஏறி இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் ராஜாங்கம் பிரேக்கை அழுத்தி மிதித்தார். வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது.

அடிவாரத்தில் நாச்சிமுத்து இறங்கி, இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டிரம்மின் ஓரத்தில் விரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார். காய்ந்திருந்தது. தோள் துண்டில் அதைத் துடைத்தார்.

"உங்க பேரு போகாதுங்க" என்றார்.

"சரிங்க சார்" என்றேன்.

போகவில்லை. இன்னொரு தினக்கூலியின் பெயர் போயிற்று. அவர் நிரந்தரமானார், எனக்கு அவரிடம் வருத்தமில்லை. நாச்சிமுத்து ஓய்வு பெற்று வேறொருவர் வரும்வரை நான் தினக்கூலியாகவே இருந்தேன். என் பிள்ளைகள் அந்த வருடங்களை இன்னமும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கன்னிவாடி ஜீப் ஏலத்துக்குப் போகும்வரை அந்தச் சக்கரம் மறுபடி ஒழுகவில்லை. ரப்பர் டியூப் ஏலத்தின்போதும் நான் கட்டிய இடத்திலேயே இருந்தது.

இதைக் கேட்டவர்களில் சிலர் சமாதானம் சொல்வார்கள். அவருக்கு மேலிடத்து நெருக்கடி, உங்களுக்கு உங்கள் நியாயம், இருவரும் அவரவர் இடத்தில் சரி என்பார்கள். அப்படி இல்லை. நான் சரி. அவர் தவறு. நல்ல மெக்கானிக், நல்ல பேச்சு, பின்சீட்டில் ஏறி உட்காரத் தெரிந்த மனிதர். அன்றைக்கு அவர் சொன்னது தவறு. அவருக்கு அது தெரியும், தெரிந்தே என் பெயரை நிறுத்தினார். எனக்கும் தெரியும், தெரிந்தே உட்கார்ந்தேன். மறுபடி அந்த நாள் வந்தால் இன்னும் சீக்கிரமாக உட்காருவேன், ஸ்டெப்னியையும் முதலிலேயே கழற்றிப் பக்கத்தில் போட்டுக்கொள்வேன்.

திரை சிவப்பானால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். வண்டி கீழே இறங்க வேண்டியது பாதையில். திரையில் இல்லை. மாட்டச் சொல்கிறவர் பக்கத்து சீட்டில் உட்காருவாரா என்று முதலில் கேளுங்கள்.

போன வாரம் உதவிப் பொறியாளர் ஃபோனில் பேசினார். கேடயம் அவர் மேஜையிலேயே இருக்கிறதாம். கடைக்காரர் கடைசி வரியைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு பொறித்துத் தருவதாகச் சொல்கிறாராம்.

"என்ன மேடம் போடட்டும்?"

"ஒரு சக்கரத்தை மாட்ட மாட்டேன்னு சொன்னவர்னு போடுங்க சார்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் அவருக்கு உறைத்தது.

"அதை எப்படி மேடம் போடுறது? பெரியவங்க வந்து பாப்பாங்களே."

"பாக்கட்டும் சார். அதுக்குத்தான் கேக்குறேன்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். நான் அவசரப்படுத்தவில்லை. அந்த வரியோடு வந்தால் வாங்கிக்கொள்வேன். இல்லாவிட்டால் அவர் மேஜையிலேயே இருக்கட்டும்.